பதினேழாம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு

அரசு அச்சகத்தின் இரண்டாம் மாடியில் நீளமாக ஓர் அறை. நடுவில் மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. அதில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முப்பது வருஷமாக உரக்க வாசித்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் கமாக்கா என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அச்சுக்குப் போகிற எதையும் இரண்டு பேர் சேர்ந்துதான் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டு வாசிப்பார். எதிரே இருப்பவர் அச்சுத்தாளில் கூடவே வந்து, தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்துவார். வார்த்தையை மட்டும் வாசித்தால் போதாது. கமா, அடைப்புக்குறி, புதுப் பத்தி எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் கடையில், "ரெண்டு சோப்பு கமா ஒரு தீப்பெட்டி கமா அரைக் கட்டு மெழுகுவத்தி முற்றுப்புள்ளி" என்று சொன்னது அச்சகத்து ஆள் ஒருவன் காதில் விழ, மறுநாள் காலை அவள் படியேறி வருவதற்குள் புதுப் பேர் மாடிக்கு வந்து காத்திருந்தது.

எதிர் நாற்காலி சிவப்பண்ணனுடையது. சிவப்பு மை பட்டுப் பட்டு அவர் வலதுகை நடுவிரல் எப்போதும் காயம்பட்டதுபோலவே இருக்கும். மூலப்பிரதியை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வாசிப்பவர் வாயில் வருவதுதான் மூலம், அதைச் சந்தேகப்படக் கூடாது என்பது அந்த அறையின் இன்னொரு விதி. யாரும் எழுதிவைக்காத விதி.

அவளுடைய வேலை தற்காலிகம். முப்பது வருஷமாகத் தற்காலிகம். ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, கண் நன்றாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

பிறகுதான் புகை வந்தது.

முதலில் அது அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெருவிளக்கு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொண்டது. எதிர் மாடியில் காய்ந்த துணிகள் பறவைகளாகி, கொடியை விட்டுப் போக மனமில்லாமல் சிறகடித்தன. தெரிந்தவர், தெரியாதவர் எல்லார் முகமும் ஒரே மாதிரி மென்மையாகிவிட்டதால், அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். "அக்கா இப்பல்லாம் ரொம்ப நல்லவளாயிட்டா" என்றாள் கூடவே இருக்கும் தங்கச்சி. தங்கச்சி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள். ஊசியைப் போலவே அவள் வாயும். ஒருநாள் அக்கா கண்ணாடி டம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளி டீயை ஊற்றியபோதுதான் அவள் மெஷினை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இரண்டு கண்ணிலும் புரை. அறுவை செய்தால் சரியாகிவிடும். ஆனால் கவுண்ட்டர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தற்காலிகப் பணியாளருக்கு ஒரு திட்டம் இருந்துச்சும்மா. அத மூடியாச்சு."

"ஏன் சார்?"

"புதுச் சட்டம் வருதுல்ல. அதுல எல்லாம் சேர்ந்து வந்துரும்."

"எப்ப வரும்?"

அவர் அட்டையில் இருந்த அலுவலகத்தின் பேரைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நீங்கதானே அச்சடிக்கிறீங்க. நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்."

அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். அந்தச் சட்டத்தை நாட்டிலேயே அதிகம் தடவை வாசித்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். தேர்தலில் வாக்குக் கொடுத்தார்கள், முதல் கூட்டத்தொடரிலேயே கொண்டுவருவோம் என்று. சொன்னபடி பச்சை அட்டை போட்ட மசோதா முதல் கூட்டத்தொடருக்கே மாடிக்கு வந்தது. அதன் எட்டாம் பக்கத்தில், பதினேழாம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவை வாசிக்கும்போது அவள் குரல் ஒரு நொடி தடுமாறியது.

'தற்காலிகப் பணியாளர், தினக்கூலிப் பணியாளர், வேலையற்றோர் உள்ளிட்ட எவருக்கும், கண்பார்வையை மீட்கும் சிகிச்சை, அவரது பணியின் தன்மையைக் காரணம் காட்டி மறுக்கப்படவோ தாமதிக்கப்படவோ கூடாது.'

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார் சிவப்பண்ணன்.

"இல்லண்ணே. முற்றுப்புள்ளி. புதுப் பத்தி."

அந்த மசோதா சபைக்குப் போகவில்லை. குழுவுக்குப் போனது. அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடி வந்தது. தலைப்பில் மாதம் மட்டும் மாறியிருந்தது. நிதித்துறை ஏதோ கேட்டதாம், திரும்பிப்போனது. மூன்றாம் தடவை சுகாதார அமைச்சர் மாறினார். நான்காம் தடவை புது அமைச்சருக்கு உடம்பு சரியில்லை.

"சுகாதாரத்துக்கே சுகமில்லையாம்" என்றார் சிவப்பண்ணன். "இந்த மசோதா பொறந்து ஒன்றர வருஷமாச்சும்மா. பல்லு முளைச்சாச்சு. இன்னும் கொஞ்சம் விட்டா பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்."

ஒவ்வொரு தடவை வரும்போதும் எழுத்துகள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றன. ஐந்தாம் வரவில் அவை நீருக்கு அடியில் கிடந்தன. ஆறாவதில் காகிதம் வெறும் வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்தின்மேல், அவள் நினைவில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பக்கம் திருப்ப வேண்டிய இடம் விரலுக்குத் தெரியும். மூச்சு விட வேண்டிய கமாவும் தெரியும். வாசிக்கிறோமா, கனவில் யாரோ வாசிப்பதைக் கேட்கிறோமா என்று அவளுக்கே சில சமயம் பிடிபடவில்லை. மற்ற வேலைகளை, பெரிய எழுத்து அறிக்கைகளாகப் பார்த்து சிவப்பண்ணன் அவள் பக்கம் தள்ளினார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கண் சீட்டையும் போன வருஷம் அப்படித்தான் வாங்கினாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியே தெரிந்த எழுத்துப் பலகையைத் தங்கச்சி காதோடு காதாகப் படித்துக் காட்டினாள்.

"ஆறு வரிதான். முழுச் சட்டத்தையே உருப்போட்டவளுக்கு இது எம்மாத்திரம்?"

"பொய்யாச்சேடி."

"நீ பொய் சொல்றியா, அவங்க சொல்றாங்களா? முதல் கூட்டத்தொடர்லயே தர்றேன்னது யாரு? அவங்க வர்ற வரைக்கும் நீ தாக்குப்பிடி. அவ்வளவுதான்."

அவள் தாக்குப்பிடித்தாள். இந்த வருஷத்துக்கு இந்த மாதக் கடைசியில் மறுபடி சீட்டு வேண்டும். அதற்குள் சட்டம் வந்துவிட்டால் கண் கிடைக்கும். வராவிட்டால் ஜன்னலோர நாற்காலி போய்விடும். எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் அவள் வாழ்க்கை அந்த இரண்டுக்குள் அடங்கியது.

அந்த மாதத்தின் முதல் வாரத்தில், ஏழாம் தடவையாக மசோதா வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே வருகிறது என்றார்கள். நாளை மறுநாள் சபையில் வைக்கிறார்கள். இன்று மாலைக்குள் பார்த்து முடித்தால் உடனே இயந்திரத்தில் ஏறும். வழக்கமாகச் சட்டத்துறைக்கு ஒரு கடைசிப் பார்வைக்குப் போகும் தாளும் இந்தத் தடவை போகாது, அவ்வளவு அவசரம். அவர்கள் மொழிப் பிரதி இந்த அறையில். சபையின் இன்னொரு மொழிப் பிரதியைப் பக்கத்து அறையில் வேறு இருவர் பார்த்தார்கள்.

மத்தியானம். ஜன்னல் வழியே வெயில் மேசைமேல் விழுந்து பாலாகப் பரவியிருந்தது. கீழே இயந்திரங்களின் சத்தம் தூரத்து ரயிலைப் போலக் கேட்டது. அவள் வாசிக்க வாசிக்க, பிரிவுகள் தெரிந்த தெருவின் வீடுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. இதோ பன்னிரண்டு, இதோ பதினைந்து. பதினேழின் வாசலில் வழக்கம்போல ஒரு மூச்சு நின்றாள். பிறகு மூன்றாவது உட்பிரிவை முதல் கமாவிலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்தாள்.

"இரும்மா" என்றார் சிவப்பண்ணன். "இங்க ரெண்டோட நிக்குதே."

"மூணு இல்லையா?"

"இல்ல. எழுத்துக் கோத்தவன் விட்டுட்டான்போல. அவசரத்துல எத வேணா விடுவானுங்க. இன்னொரு தடவ சொல்லு, மெதுவா."

அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் ஓரத்தில் சிவப்பு மையில் முழு வரியையும் எழுதி, 'விடுபட்டது, சேர்க்க' என்று கோடிழுத்தார். அவர் பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் அவளுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள் கோட்டைவிட்டதைத் தான் பிடித்துவிட்டோம் என்று நினைத்தாள். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தெருவிளக்குகள் வளையம் வளையமாக வீடுவரை கூடவே வந்தன.

சபையில் வைத்த அன்று காலை பத்தரைக்கு, மாடிப்படியில் செருப்புச் சத்தம் படபடவென்று ஏறிவந்தது. சட்டத்துறை அதிகாரி. கமாக்காவுக்கு அந்த அம்மாள் ஒரு சாம்பல்நிற உயரமாக மட்டும் தெரிந்தார். இரண்டு கையிலும் இரண்டு பச்சை அட்டை.

"பதினேழு மூணு. இதுல இருக்கு, இதுல இல்ல. ரெண்டு மொழியும் பக்கத்துல பக்கத்துல உறுப்பினர்கள் மேசைல இருக்கு. எது சரின்னு சபையே எழுந்து நிக்குது. யார் பாத்தது?"

"நான்தான் மேடம்" என்றார் சிவப்பண்ணன். "என் கையெழுத்து. வயசாச்சு, தடுமாறிருச்சு."

"அவர் எழுதினாரு. வாசிச்சது நான்" என்றாள் கமாக்கா.

அதிகாரி மூலப்பிரதியைப் பிரித்து மேசையில் வைத்துத் தட்டினார். "எட்டாம் பக்கம். காட்டுங்க, எங்க இருக்கு?"

கமாக்கா காகிதத்தைப் பார்த்தாள். வெளிச்சம். நன்றாகக் குனிந்தாள். மூக்கு காகிதத்தைத் தொட்டது. அப்போதும் வெளிச்சம்தான்.

"இங்க இல்ல, அப்படித்தானே" என்றாள்.

"இல்ல. போன வாரம் எடுத்தாச்சு. பக்கத்தையே புதுசா டைப் அடிச்சோம்."

"ஆறு தடவ இருந்துச்சு மேடம்."

பக்கத்து அறையின் வாசிப்புகூட நின்றிருந்தது. அதிகாரி அவள் முகத்துக்கு நேரே கையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தார். கமாக்கா அந்தக் கைக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

"அந்த உட்பிரிவ முதல்ல எழுதினது நான்தான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். எடுத்தோம்னு யாருக்கும் சொல்ல வேணாம்னாங்க, சொல்லல. இப்ப அத்தன பேரும் படிச்சுட்டாங்க."

"என்ன ஆகும் மேடம்?" என்றார் சிவப்பண்ணன்.

"வேணும்னா இருக்கட்டும், வேணாம்னா சபையில எழுந்து நின்னு எடுக்கட்டும்னு பாதிப் பேர் பிடிச்சுக்கிட்டாங்க. அது வரைக்கும் அச்சுல வந்தபடியே கிடக்கும். ஆனா இந்தத் தொடர்ல நேரமில்ல. அடுத்ததுல."

அடுத்தது என்றால் ஆறு மாதம். செருப்புச் சத்தம் இந்தத் தடவை மெதுவாக இறங்கிப்போனது.

ஆறு தடவை யார் யாரோ தள்ளிப்போட்டதை ஏழாம் தடவை தானே தள்ளிப்போட்டுவிட்டோம் என்பது அவளுக்கு வீட்டுக்கு வந்து, விளக்குப் போட்டு, தங்கச்சியிடம் சொல்லும்போதுதான் முழுசாக உறைத்தது. தங்கச்சி வெகுநேரம் மெஷினை மிதிக்கவே இல்லை.

"சரி விடு" என்றாள் கடைசியில். "பலகைய மறுபடி உருப்போட்டுருவோம். இன்னும் ஒரு வருஷம் ஓட்டிரலாம்."

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி பெஞ்சில் இடமே இல்லை. முட்டி வீங்கிய ஓர் ஓய்வுபெற்ற கண்டக்டர் நகர்ந்து உட்கார்ந்து இருவருக்கும் இடம் கொடுத்தார். விசில் ஊதிப் பழகிய ஆள். மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

"சட்டம் மறுபடி தள்ளிப்போச்சு, கேட்டீங்களா? எவனோ அச்சகத்துல தப்புப் பண்ணிட்டானாம். பாருங்க, எங்கயோ ஒருத்தன் தூங்குறான், இங்க என் முட்டி வீங்குது."

தங்கச்சி அவள் கையை அழுத்தினாள். வாயைத் திறக்காதே என்ற அழுத்தம் அது. கமாக்கா சுவரைப் பார்த்தாள். சுவர் மேகமாக இருந்தது.

"அது நான்தாங்க" என்றாள்.

பெஞ்சு முழுக்கத் திரும்பியது.

"நீங்களா? என்ன தப்பும்மா பண்ணீங்க?"

"எடுத்துட்ட ஒரு வரிய வாசிச்சுட்டேன்."

"என்ன வரி?"

அவள் சொன்னாள். அச்சகக் குரலிலேயே, ஒவ்வொரு கமாவையும் சொல்லி, முற்றுப்புள்ளிவரை. 'மறுக்கப்படவோ தாமதிக்கப்படவோ கூடாது' என்ற இடத்தில் பெஞ்சின் கோடியில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

கண்டக்டர் முட்டியைத் தடவிக்கொண்டார். "இதையா எடுத்தாங்க?"

"ஆமா."

"அப்ப தப்பு நீங்க பண்ணலயே." கொஞ்சம் யோசித்தார். "ஆனாலும் ஆறு மாசம்மா. என் முட்டிக்கு ஒரு உட்பிரிவும் இல்ல. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"மன்னிச்சுருங்க" என்றாள். அவள் முறை வந்து பேர் கூப்பிட்டபோது அவர், "ரைட், போலாம்" என்று பழைய குரலில் சொல்லி, அவள் தடுமாறாமல் எழுந்திருக்கக் கையைக் கொடுத்தார்.

கண் டாக்டர் சின்னக் குச்சியால் பலகையைத் தட்டினார். முதல் எழுத்து யானை மாதிரி; அதைச் சொன்னாள். குச்சி இரண்டாம் வரிக்கு இறங்கியது. காலையில்கூட வீட்டில் தங்கச்சி ஒப்பித்துக் காட்டிய வரி. அது நாக்கு நுனியில் வந்து காத்திருந்தது. மூன்றாவதும் நான்காவதும் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. எட்டாம் பக்கத்தைப் போலவே.

பலகையைப் போன வருஷத்துக்குப் பிறகு மாற்றியிருந்தால்?

"தெரியல டாக்டர்" என்றாள்.

வாசலில் தங்கச்சி மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

"இதுவும் தெரியலையா? போன வருஷம் ஆறு வரியும் சொல்லியிருக்கீங்களே."

"போன வருஷமும் தெரியல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். "சீட்டுத் தர முடியாதும்மா. பட்டியல்ல எழுதிக்கிறேன். சட்டம் வந்ததும் கூப்பிடுவாங்க."

"பதினேழு மூணுன்னு எழுதிக்குங்க."

"அந்தப் பிரிவு நிக்குமா?"

"இன்னைக்கு வரைக்கும் இருக்கு."

ஜன்னலோர நாற்காலி போனது. கடைசி நாளன்று சிவப்பண்ணன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வந்தார். மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளரிடம் நான்கு நாள் நச்சரித்து அவர் ஓர் இடம் வாங்கி வைத்திருந்தார். அங்கே கண் சீட்டு கேட்பதில்லை. சம்பளம் குறைவு, சத்தம் அதிகம்.

"மேல யாருண்ணே உங்களுக்கு வாசிப்பாங்க?"

"ஒரு புதுப்பொண்ணு வருது. கமாவே சொல்ல மாட்டேங்குது, மூச்சு வாங்குது. அதுவே கமான்னு நான் போட்டுக்கறேன்."

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் பெரிய தாள்கள் அவள் மேசைக்கு வந்தன. எட்டாம் தடவை. மாடியிலிருந்து சிவப்பண்ணன் இறங்கிவந்து, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் காதருகே குனிந்து சொன்னார்: "இருக்கும்மா. ரெண்டு மொழிலயும் இருக்கு. புதுப்பொண்ணு வாசிச்சுது, நான் எழுந்துபோய் மூலத்தையும் ஒரு தடவ பாத்துட்டேன். விதிய மீறிட்டேன்."

"சபையில எப்ப?"

"வியாழக்கிழமைன்னாங்க." சிவப்பு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குக் காலைல, அடுத்த வாரம்ங்கறாங்க."

அவள் சிரித்தாள். தாளை எடுத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, நகத்தால் மடிப்பை அழுத்தினாள். ஒரு மடிப்பு, குறுக்கே இன்னொரு மடிப்பு. புதுக் காகிதம் லேசாகச் சுட்டது. எழுத்து தெரியாவிட்டாலும், எந்த மூலைக்கு எந்தப் பக்கம் வரும் என்று ஆறு மாதத்தில் கைக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எட்டாம் பக்கம் விரலுக்கு அடியில் வரும்போது மட்டும் அவள் கொஞ்சம் மெதுவாக மடித்தாள். அன்றைக்கு ஆயிரத்து இருநூறு பிரதி. ஆயிரத்து இருநூறு தடவையும் அந்த இடத்தில் அவள் கை ஒரு கமா அளவு நின்றது.